புட்டியில் இருக்கும் பச்சைக் கற்கள்

பர்மாவின் மௌல்மீனில் தோசைக் கடை நடத்தும் ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நாலு பக்கக் கடிதத்தில் முக்கியமானதை மட்டும் தருகிறேன்.

"டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு வயது 47. எட்டு வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன். போன தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி நெஞ்சுக்குழியில் ஆரம்பித்த வலி வலது தோள்பட்டைக்குப் பின்னால் போய்க் குத்தியது. மூன்று மணி நேரம் உயிர் போய் உயிர் வந்தது. வாயு என்று நினைத்துச் சோடா குடித்தேன். தை மாதம் மறுபடியும் அதே வலி. ஸ்கேனில் பித்தப்பையில் மூன்று கல், பெரியது 14 மில்லிமீட்டர் என்று வந்தது. சர்ஜன் பையையே எடுத்துவிட வேண்டும் என்கிறார். என் கொழுந்தனார் ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு வைத்தியம் சொன்னார். ஆறு நாள் ஆப்பிள் ஜூஸ், கடைசி நாள் பேதி உப்பு, ராத்திரி ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து ஒரே மடக்கில். மறுநாள் காலை பச்சைப் பட்டாணி மாதிரி முப்பதுக்கு மேல் விழுந்தது. கழுவிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். கல் போய்விட்டதா? என் நாத்தனாருக்கும் கல் இருக்கிறது, 18 மில்லிமீட்டர். அதே சர்ஜன் அவரைச் சும்மா இருங்கள் என்று அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் ஏன் கத்தி? பையை எடுத்தால் பித்தம் தலைக்கு ஏறிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். கீழாநெல்லி போதும் என்கிறார். பக்கத்து வீட்டில் கரடிப் பித்தம் வாங்கித் தருகிறேன் என்கிறார்கள். அம்மன் கோயில் தீமிதிக்கு வேண்டுதல் வேறு இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

அம்மா, முதலில் அந்தப் புட்டி.

அதிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து, கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இளகிப் பச்சை எண்ணெயாக மேலே மிதக்கும். பித்தக்கல் என்றால் கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் உருகாது. இதை நானாகச் சொல்லவில்லை. நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவர் உங்களைப் போலவே எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துவிட்டு, விழுந்ததைப் பத்திரப்படுத்தி டாக்டர்களிடம் கொண்டு போனார். சோதித்துப் பார்த்ததை அவர்கள் 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தக் கற்களில் முக்கால் பங்கு வெறும் கொழுப்பு அமிலம். கொலஸ்ட்ராலும் இல்லை, கால்சியமும் இல்லை. 40 டிகிரிச் சூட்டில் உருகிவிட்டன. குடித்த எண்ணெயைக் குடல் பிரிக்கிறது, எலுமிச்சையில் உள்ள பொட்டாசியம் அதோடு சேர்கிறது, பித்தநீர் பச்சை நிறம் கொடுக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் உங்கள் வயிற்றில் ஒரு ராத்திரி சோப்புக் காய்ச்சியிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணின் உண்மையான கற்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பிறகு அறுவை செய்துதான் எடுத்தார்கள்.

வெந்நீர்கூட வேண்டாம், கணக்குப் பார்த்தாலே தெரியும். பித்தப்பையின் வாயிலுள்ள குழாய் சில மில்லிமீட்டர் அகலம்தான். அது போய்ச் சேரும் பெரிய குழாயே சுமார் 6 மில்லிமீட்டர். பட்டாணி அளவுக் கல் முப்பது அதன் வழியாக இறங்கியிருந்தால் அன்று ராத்திரி நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள். கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் இருந்திருப்பீர்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கொழுந்தனாரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். எண்ணெய் உள்ளே போனதும் பித்தப்பை சுருங்கிப் பிழியும், அதுதான் அதன் வேலை. உள்ளே கல் இருக்கும்போது அவ்வளவு எண்ணெயை ஒரே மடக்கில் குடித்தால், கல் குழாய் வாயில் போய்ச் சிக்கலாம். சின்னக் கல் கீழே நழுவிக் கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி வரும். அதில் உயிர் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, சுகர் உள்ளவருக்கு ஆறு நாள் ஆப்பிள் ஜூஸ்! அந்த வாரம் சுகர் எவ்வளவு இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் மேசையிலும் ஒரு புட்டி இருக்கிறது, பழைய ஹார்லிக்ஸ் புட்டி. அதில் இருப்பவை நிஜக் கற்கள். பலர் ஆபரேஷன் முடிந்ததும் "வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் டாக்டர்" என்று விட்டுப் போனவை. ஒன்று வெளிர் மஞ்சளாக, காய்ந்த பலாக்கொட்டை மாதிரி வழுவழுப்பு. உடைத்தால் நடுவிலிருந்து விளிம்பு வரை ஊசி ஊசியாகப் படிகம் பளபளக்கும். அது கொலஸ்ட்ரால் கல். இன்னொருவரிடமிருந்து எடுத்த ஏழு கற்கள் பகடைக்காய் மாதிரி பட்டை தீட்டியவை. ஒரே பைக்குள் பல வருடம் ஒன்றோடொன்று நெருக்கி உரசினால் அப்படி ஆகும். மூன்றாவது வகை மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கரிக்கறுப்பாக இருக்கும். சிவப்பணு சீக்கிரம் சீக்கிரமாக உடைகிறவர்களுக்கு வருவது அது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இந்த நாட்டில் நிறைய என்பதால், இளவயதில் கறுப்புக் கல்லோடு ஒருவர் வந்தால் நான் முதலில் ரத்தப் பரிசோதனைக்குத்தான் அனுப்புவேன். இவற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு ஜூஸில் கரையுமா என்று கேட்பதில்லை.

சிறுநீரகக் கல்லுக்குத் தண்ணீர் குடித்தால் இறங்குகிறதே, வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறார்களே என்று கேட்பீர்கள். அந்தப் பாதையில் நாள் முழுவதும் சிறுநீர் ஓடிக்கொண்டிருக்கிறது, சின்னக் கல்லைத் தள்ளிக்கொண்டு போகும். பித்தப்பை அப்படி இல்லை. ஒரே வாய் கொண்ட குட்டிப் பை, 30 முதல் 50 மில்லி பித்தநீர் பிடிக்கும். நீங்கள் குடிக்கும் தண்ணீரோ சாறோ அதற்குள் போவதே இல்லை. வாழைத்தண்டுக்குக் கரையும் என்றால், தினமும் காலையில் வாழைத்தண்டு நறுக்கிப் போட்ட மொஹிங்கா என்ற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிடும் இந்த ஊரில் யாருக்கும் பித்தக்கல் இருக்கக்கூடாது. எனக்கு வேலையும் இருக்கக்கூடாது. தமிழிலும் சரி, பர்மியப் பேச்சிலும் சரி, இரண்டையும் 'கல்' என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

சரி, நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

உங்கள் சர்ஜன் இரண்டு பேருக்கும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் கல்லின் அளவை மட்டும் பார்த்துக் கத்தி எடுப்பதில்லை, கல் என்ன செய்கிறது என்று பார்க்கிறோம். உங்கள் நாத்தனாருக்கு வலி வந்ததில்லை என்று எடுத்துக்கொள்கிறேன், வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் தெரிந்திருக்கும். அப்படித் தூங்குகிற கல் உள்ளவர்களில் வருடத்துக்கு 100 பேரில் 1 முதல் 4 பேருக்குத்தான் தொந்தரவு தொடங்கும். பெரும்பாலோர் அந்தக் கல்லோடேயே வாழ்ந்து வேறு காரணத்தால் போய்ச் சேருவார்கள். அவர்களை அறுப்பது வீண் வேலை. கல் 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பையின் சுவர் சுண்ணாம்பாக இறுகினாலோ, 1 சென்டிமீட்டருக்கு மேல் சதை வளர்ந்திருந்தாலோ புற்றுநோய் பயம் உண்டு. அப்போது பேச்சு வேறு. 18 மில்லிமீட்டர் அந்தக் கணக்கில் வராது.

உங்கள் கல் விழித்துக்கொண்டது. ஒருமுறை வலித்த பித்தப்பை மறுபடி வலிக்கும். உங்களுக்கே தீபாவளிக்கும் தைக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பாருங்கள். வலி சில மணி நேரத்தில் அடங்கினால், கல் வாயில் சிக்கி மறுபடி உள்ளே விழுந்துவிட்டது என்று அர்த்தம். விழாமல் அங்கேயே நின்றால் பை வீங்கிச் சீழ் பிடிக்கும். சுகர் உள்ளவருக்கு அந்தச் சீழ் வேகமாகவும் மோசமாகவும் போகும். வீங்கிய பையை அவசரத்தில் எடுப்பதற்கும், அமைதியாக இருக்கும் பையை நாள் பார்த்து எடுப்பதற்கும் என் கைக்குத் தெரிகிற வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. அதனால் என் பதில் உங்கள் சர்ஜன் சொன்னதேதான்: எடுத்துவிடுங்கள். நாளைக்கே ஓட வேண்டியதில்லை. சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, அடுத்த வலிக்கு முன்னால்.

அதுவரை சாப்பாடு உதவும். கல் கரையாது, வலி வராமல் தள்ளிப்போடும், அவ்வளவுதான். எண்ணெய் மேலே மிதக்கும் வரை வதக்கும் பர்மியக் கறி, பன்றிக் கொழுப்பு, மொஹிங்கா மேல் உடைத்துப் போடும் பொரித்த பருப்புத் தட்டை, தேங்காய்ப்பால் நூடுல்ஸ் இவற்றை ஒதுக்குங்கள். தோசைக்கு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். ஒரே வேளையில் வயிறு நிறையச் சாப்பிடுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். மஞ்சளைச் சமையலுக்குப் போடுவது போலப் போட்டுக்கொள்ளுங்கள், பயமில்லை. ஆனால் மஞ்சள் மாத்திரை, மஞ்சள் பொடி ஒரு கரண்டி வெறும் வயிற்றில் என்றெல்லாம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மஞ்சளும் பித்தப்பையைச் சுருங்க வைக்கும், ஆலிவ் எண்ணெய்க் கதைதான்.

பட்டினியும் வேண்டாம். நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தால் பித்தநீர் பைக்குள் தேங்கிக் கெட்டியாகும். திடீரென்று உடம்பு இளைத்தாலும் கல் கூடும். தீமிதிக்குக் காப்புக் கட்டி நாள் கணக்கில் ஒரு பொழுது இருப்பது உங்கள் சுகருக்கும் ஆகாது, பித்தப்பைக்கும் ஆகாது. அம்மன் ஒரு வருடம் பொறுப்பாள். பூசாரியிடம் நானே பேசுகிறேன் என்று முன்பு ஒரு நோயாளிக்குச் சொல்லி, அப்படியே பேசியும் இருக்கிறேன். அவர் என்னைவிடத் தெளிவாக இருந்தார்: "உடம்பு தேறி வந்து மிதிக்கட்டும்."

கரடிப் பித்தத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு துளி உண்மை இருக்கிறது. கொலஸ்ட்ரால் கல்லைக் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு: உர்சோடியாக்சிகோலிக் அமிலம். 'உர்சுஸ்' என்றால் லத்தீனில் கரடி. முதலில் கரடிப் பித்தத்தில்தான் அதைப் பிரித்தெடுத்தார்கள். இப்போது கரடி தேவையில்லை, மருந்துக் கம்பெனியில் தயாராகிறது, அளவும் சரியாக இருக்கும். ஷான் மாநில எல்லைச் சந்தைகளிலிருந்து வரும் குப்பியில் என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கே தெரியாது. விற்பதும் சட்டவிரோதம், கரடியைக் கூண்டில் போட்டுச் செய்யும் கொடுமை வேறு. அந்த மாத்திரையும் எல்லோருக்கும் உதவாது. கல் சின்னதாக, 1 சென்டிமீட்டருக்குள், சுண்ணாம்பு படியாததாக இருக்க வேண்டும். பையும் நன்றாக வேலை செய்ய வேண்டும். ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தினமும் விழுங்க வேண்டும். கரைந்தாலும் ஐந்து வருடத்துக்குள் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. பை அங்கேயே இருக்கிறதே, மறுபடி கல் செய்யும். 14 மில்லிமீட்டருக்கு நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். மயக்க மருந்து தாங்காத இதய நோயாளிக்கு எழுதிக்கொடுத்ததுண்டு.

கீழாநெல்லியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் வீட்டில் நடந்தது.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருடம். தாட்டோனில் இருந்த என் அத்தைக்குக் கண் மஞ்சளாயிற்று. காமாலை என்றதும் வீட்டில் கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். உப்பில்லாப் பத்தியம், பதினெட்டு நாள். அத்தைக்கு உடம்பெல்லாம் அரிப்பு, சிறுநீர் கட்டைத் தேயிலைச் சாயம் மாதிரி, மலம் களிமண் நிறம். இவை அத்தனையும் பித்தக்குழாய் அடைபட்டதற்கான அடையாளம். நான் அதை அப்போதுதான் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதியிருந்தேன். ஆனால் எனக்குச் செய்தியே குளிர் காய்ச்சல் வந்து நினைவு தப்பிய பிறகுதான் வந்தது. முதலில் சேர்த்த இடத்தில் மலேரியா என்று ஊசி போட்டிருக்கிறார்கள். யங்கோனுக்குக் கொண்டுவந்து வயிற்றைத் திறந்தபோது குழாயில் ஒரு கல், அதற்குப் பின்னால் சீழ். நாற்பது நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தார். அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தார், ஆனால் பழைய அத்தையாக இல்லை.

கீழாநெல்லி மேல் எனக்குக் கோபமில்லை. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரத்தில் தானாகத் தணியும். அந்தச் சமயத்தில் எது கொடுத்தாலும் அதற்குப் பேர் கிடைக்கும். அடைப்பால் வரும் காமாலைக்கு அடைப்பை எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. மாமியாரிடம் சொல்லுங்கள், கண் மஞ்சளானால் அரைக்க உட்காராமல் முதலில் ஸ்கேன். வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், குளிரோடு காய்ச்சல் வந்தாலும், வாந்தி நிற்காவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஊரடங்கு நேரமாக இருந்தால் என்ன செய்வது, யார் வண்டியில் போவது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் பயம் எனக்குப் புரிகிறது. பித்தப்பையை முதன்முதலில் எடுத்தவர் கார்ல் லாங்கன்புக், 1882-இல் பெர்லினில். பல வருடம் வலியில் துடித்த 43 வயது ஆள் அந்த நோயாளி. மறுநாளே வலியில்லாமல் சுருட்டுப் பிடித்தாராம். (நம் 'சுருட்டு'தான் ஆங்கிலத்துக்குப் போய் இன்று உலகமே சொல்லும் பர்மா செரூட் ஆனது. நீங்கள் மறுநாள் சுருட்டுப் பிடிக்க வேண்டாம்.) துளை போட்டு எடுக்கும் முறையை ஜெர்மனியில் எரிக் மியூஹே 1985-இல் செய்தார். இப்போது வழக்கம் அதுதான். வயிற்றில் கரியமில வாயு ஏற்றி, நாலு சின்னத் துளை வழியாகக் கேமராவும் கருவியும் விட்டு எடுப்பார்கள். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் தோள்பட்டை வலிக்கும், அது உள்ளே தங்கிய வாயு. பழைய வலி திரும்பிவிட்டதோ என்று பயப்படாதீர்கள்.

ஆபத்தே இல்லை என்று சொன்னால் பொய். 100 பேரில் சுமார் 5 பேருக்குத் துளை வழியாக முடியாமல் வயிற்றைத் திறக்க வேண்டி வரும். அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், உள்ளே தெளிவாகத் தெரியாதபோது திறக்கிறவர்தான் நல்ல சர்ஜன். எங்களுக்குப் பயம் கொடுப்பது வேறு: பெரிய பித்தக்குழாயில் தவறிக் காயம் பட்டுவிடுவது. 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நடக்கிறது, நடந்தால் பெரிய பாடு. அதனால் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா? குழாயில் கல் இருந்தால் எண்டோஸ்கோப் வழியாக எடுக்க எங்கே அனுப்புவீர்கள்? நம் ஊருக்கே உரிய கேள்வி ஒன்று: நடுவில் கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எழும்புமா, ஆள் ஓடிப்போய்ப் போட வேண்டுமா? சிரிக்காதீர்கள். திரை இருண்டு போய்க் கையில் கருவியோடு நின்றிருக்கிறேன். 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு அரசு ஆஸ்பத்திரிகளில் ஆள் குறைந்து, வரிசை நீண்டிருக்கிறது. தனியாரில் செலவு. உங்கள் ஊரிலேயே பழகிய கை இருந்தால் அங்கேயே செய்துகொள்ளுங்கள், இதற்காக யங்கோனுக்கோ சென்னைக்கோ போக வேண்டியதில்லை. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் இரண்டு இடத்தில் விசாரியுங்கள்.

பித்தம் தலைக்கு ஏறுமா என்பது சொல்லால் வந்த பயம். சித்த வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம் என்று சொல்லும் பித்தம் உடம்பின் ஒரு தன்மை. கல் இருக்கும் பையில் உள்ளது பித்தநீர், கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கும் பச்சைத் தண்ணீர். அதைச் செய்வது ஈரல், தினமும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. பை வெறும் தொட்டி. தொட்டியை எடுத்தால் குழாய்த் தண்ணீர் நேராகக் குடலுக்குப் போகும், அவ்வளவுதான். சிலருக்குச் சில வாரம் வயிறு இளகிப் போகும், எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டால் அதிகமாக. பெரும்பாலும் தானே சரியாகும். ஒரு சிலருக்கு நீடிக்கும், அதற்கு மருந்து உண்டு. மூன்று மாதம் கழித்து அடுத்த தீபாவளிப் பலகாரம் சாப்பிடலாம், சுகர் அனுமதிக்கிற அளவு.

போவதற்கு முன்னால் ஸ்கேனை ஒருமுறை திரும்ப எடுங்கள். மூன்று கல்லும் இருக்கின்றனவா என்று கொழுந்தனாரையும் கூட்டிக்கொண்டு போய்த் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சுகர், ஈசிஜி வேண்டும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் இளக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் அன்று காலை வெறும் வயிற்றில் இருக்கும்போது சுகர் மாத்திரையை விழுங்கிவிடாதீர்கள், எதை எப்போது நிறுத்துவது என்று முன்னாலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்கு எப்போது திரும்பலாம் என்று கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள். துளை வழியாக முடிந்தால் இரண்டு வாரத்தில் கல் முன்னால் நிற்கலாம், தோசைக் கல்லைச் சொல்கிறேன். மாவு வாளியையும் கேஸ் சிலிண்டரையும் மட்டும் ஒரு மாதத்துக்குக் கொழுந்தனார் தூக்கட்டும்.